டவர் குனிந்த வாரம்

கயல், சின்னவனே, நான் மலையிலிருந்து இறங்கி வந்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீடியோ காலில் ஊட்டி மலர்க் கண்காட்சியைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி உட்கார வைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறீர்கள். என் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் குரல் சொல்லிவிட்டது. "எங்கப்பா மறந்துட்டாரு" என்று சின்னவன் தெருவெல்லாம் சொன்னானாம்.

மறக்கவில்லை. ஏன் அணைத்தேன் என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் அம்மா நடுவில் ஏதாவது கேட்பாள், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் கயல் திருத்திக்கொள்ளட்டும். மலை ஏறியதிலிருந்து வந்தால்தான் கடைசி விளங்கும்.

அப்பா லாரியில் வழக்கமாக ஏற்றுவது தீப்பெட்டி பண்டல். இந்த முறை கொண்டுபோனது ஒரு செல்போன் டவர். சிரிக்காதீர்கள். வண்டியின் முதுகிலேயே மடக்கிப் படுக்க வைத்திருப்பார்கள். போய் நிறுத்தி, நாலு பக்கமும் கால் ஊன்றி, நிமிர்த்தினால் பனைமர உயரத்துக்கு நிற்கும். பின்னால் ஒரு ஜெனரேட்டர். திருவிழா, மாநாடு என்று ஜனம் சேருகிற இடத்துக்கு இதைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வழக்கமாக ஓட்டுகிறவருக்குக் கால் சுளுக்கு. என்னைக் கேட்டார்கள், சரி என்றேன்.

வியாழக்கிழமை விடிந்து மேட்டுப்பாளையம் தாண்டினேன். சாத்தூர் வெயிலில் வெந்த உடம்பு எனக்கு. பர்லியாறு வரும்போதே காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. சீசனில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு ஒரு பாதை என்று பிரித்து விட்டிருக்கிறார்கள். குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அதனால் எதிரில் வண்டி வராது என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு வளைவில் என் வண்டியின் பின்பகுதி திரும்ப முடியாமல் பாதையை அடைத்துக்கொண்டது. முன்னும் போகாது, பின்னும் வராது. எனக்குப் பின்னால் மலை முழுக்க ஹாரன் சத்தம்.

கீழே இறங்கி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு கேபினுக்குள் புகுந்து, சூப்பர்வைசருக்கு என்று நான் வாங்கிப்போன காரச்சேவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தடுப்புச்சுவர் மேல் உட்கார்ந்துவிட்டது. நம் ஊர்ச் சேவின் காரம் அதற்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. ஒரு பிடி தின்றுவிட்டு வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தது. பின்னால் காரில் இருந்தவர்கள் ஹாரனை விட்டுவிட்டு அதைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் இறங்கி வந்து, "ஏனுங்க, படத்த அப்பறம் புடிக்கலாமுங்க, ஆளுக்கொரு கல்லு போடுங்க" என்று சொல்லி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து ஒருவழியாக வெளியே வந்தேன்.

ஊட்டியில் ஏரிக்குப் போகிற வழியில், ஒரு சர்ச்சின் காம்பவுண்டை ஒட்டிய மேட்டில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே காத்திருந்த இன்ஜினியர் ஒரு பெண். பெயர் ஷீபா. கூடலூர்க்காரர். கயலை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்திருக்கும், அவ்வளவுதான். தமிழ் பேசும்போது நடுவில் மலையாளம் எட்டிப் பார்க்கும். நான் மேடம் என்றேன். "மேடமெல்லாம் வேண்டா சேட்டா, ஷீபா மதி" என்றார். அண்ணா, ஷீபா என்றாலே போதும் என்று அர்த்தமாம். எனக்குக் கடைசி வரைக்கும் மேடம்தான் வந்தது.

டவரை நிமிர்த்துவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் வர்க்கி வாங்கிக் கொடுத்தார். வர்க்கி என்பது ஊட்டி ரொட்டி. அடுக்கடுக்காக, கடித்தால் சட்டையெல்லாம் தூளாகும். டீயில் முக்கித் தின்ன வேண்டும். டீயை நம் ஊரில் போலக் கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுத்தார்கள். குளிருக்கு வாய் வரைக்கும் கொண்டுபோவதற்குள் பாதி ஆறிவிட்டது.

அந்தக் கடையில் இருந்து உங்களைக் கூப்பிட்டேன். போனில் கோடு முழுதாகக் காட்டியது. ஆனால் கால் போகவில்லை. திரும்பப் போட்டேன். போகவில்லை. என் பக்கத்தில் ஒருவர் போனில் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று ஷீபாவிடம் கேட்டேன். "நீ நிக்கற எடத்துலயே நில்லு, நான் நிக்கற எடத்துக்கு வா" என்று பெண்டாட்டியிடம் சொல்கிறாராம். அந்த அம்மாள் அவருக்குப் பின்னால் பஜ்ஜிக் கடையில் நின்றுகொண்டு, அதே மாதிரி போனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். போன் இல்லாவிட்டாலும் ஒருவருக்கொருவர் கேட்டிருக்கும்.

"கோடு முழுசா இருக்கு மேடம், ஏன் போகலை?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதை நான் நம் ஊர் டவுன் பஸ்ஸாக மாற்றிச் சொல்கிறேன். பஸ் வருவது கண்ணுக்குத் தெரிவது வேறு, பஸ்ஸில் இடம் கிடைப்பது வேறு. போனில் தெரிகிற கோடு, பஸ் வந்துவிட்டது என்று சொல்கிறது. உள்ளே இடம் இருக்கிறதா என்று அது சொல்லாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் காற்றில் இவ்வளவுதான் இடம் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் ஊட்டிக்கு அது தாராளம். சீசனில் ஊரே ஏறிவிடுகிறது.

அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் பெரிய கெட்டிக்காரர். ஒருவரையும் நிரந்தரமாக உட்கார விடமாட்டார். கண் மூடித் திறப்பதற்குள் இவரை எழுப்பி அவரை உட்கார வைத்து, அவரை எழுப்பி இன்னொருவரை உட்கார வைத்து, எல்லோருக்கும் தாங்கள் உட்கார்ந்தே வருவதாக நினைப்பு வரும்படி ஓட்டிவிடுவார். பேச்சு என்பது ஒரு ஆள். குறுஞ்செய்தி என்பது படியில் தொற்றிக்கொள்கிற ஆள், எப்படியாவது நுழைந்துவிடும். வீடியோ கால் என்பது கல்யாண வீட்டுப் பாத்திரம் பண்டமெல்லாம் தூக்கிக்கொண்டு ஏறுகிற ஆள். இடம் இல்லாவிட்டால் கண்டக்டர் முதலில் பாத்திரத்தைத்தான் இறக்கி வைக்கச் சொல்வார். படம் அப்படியே உறைந்து நிற்கிறதே, அது அதுதான். ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவருக்கு மட்டும் எந்தக் கம்பெனி பஸ்ஸாக இருந்தாலும் கதவைத் திறந்தாக வேண்டுமாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப நாம கொண்டு வந்தது இன்னொரு பஸ்ஸா?" என்றேன்.

"பஸ்தான். ஆனா ரோடு ஒண்ணுதானே சேட்டா" என்றார்.

வெள்ளிக்கிழமைதான் அது விளங்கியது. நம் தெருவில் பொங்கலுக்கு இரண்டு கோயிலிலும் ஒலிபெருக்கி கட்டினால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து ஒன்றும் கேட்காது. டவரும் அப்படித்தான். பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டும் தூரத்துக்குப் பேசினால் ஒன்றின் பேச்சு ஒன்றின் மேல் விழும். அதனால் ஒவ்வொன்றும் தலையைக் குனிந்து தன் காலடியில் இருக்கிற ஜனத்தை மட்டும் பார்க்க வேண்டும். மேட்டில் ஏற்கெனவே ஒரு நிரந்தர டவர் இருந்தது. என் டவர் நிமிர்ந்ததும், அந்த நிரந்தர டவரைக் குனிய வைக்கிற வேலையை ஷீபா தொடங்கினார்.

யாராவது ஸ்பேனரோடு ஏறுவார்கள் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஷீபா ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் இருந்த லேப்டாப்பில் ஏதோ தட்டினார்.

"குனிஞ்சாச்சு" என்றார்.

மேலே ஒன்றும் அசையவில்லை. உள்ளுக்குள்ளேயே குனிந்துவிட்டதாம். நம்புவதா வேண்டாமா என்று போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே சின்னவன் எடுத்தான். "ஞாயித்துக்கிழமை பூவைக் காட்டுறேன்டா" என்று அப்போதுதான் சொன்னேன்.

சனிக்கிழமை எனக்கு ஜெனரேட்டருக்கு டீசல் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒருவர் வந்து டவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அறுபது தாண்டிய ஆள், ஸ்வெட்டர், தலையில் மப்ளர், கையில் ரப்பர் பேண்ட் போட்ட போன்.

"ஏனுங்க, இதுக்கு நீங்கதான் பொறுப்புங்களா?" என்றார்.

ஓட்டுகிறது மட்டும் நான் என்றேன்.

"ஓட்டிக்கிட்டு வந்தது நீங்கதானுங்களே. சொல்லுங்க. வருசா வருசம் சீசன் வந்தா டூரிஸ்டுக மேல வாராங்க, எங்க சிக்னலு எறங்கிப் போயிருது. நேத்துக் காலையில வரைக்கும் இருந்துச்சுங்க."

அவர் பெயர் ராசையா. சோலூர் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மலைச் சரிவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் தெரியும். அதை லைன் என்கிறார்கள். அங்கேதான் வீடு. நான் ஷீபாவைப் பார்த்தேன். ஷீபா எதிர் மலையைப் பார்த்தார். லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அந்த லைனுக்கு என்று யாரும் சிக்னல் கொடுத்ததே இல்லை. மேட்டு டவர் நிமிர்ந்து நிற்கும்போது ஊரைத் தாண்டி வழிகிற சிக்னல் பள்ளத்தைக் கடந்து அவர்கள் வாசலில் போய் விழுந்திருக்கிறது. சீசனில் டவரைக் குனிய வைத்தால் வழிவது நின்றுவிடும்.

"இத்தன வருசமா நாங்க மேகம்னுல்ல நெனச்சோம்" என்றார் ராசையா. அவருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. "டவருக்கும் வயசாச்சு, இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு வெச்சுக்குவோம்."

பிறகுதான் சிரிப்பு நின்றது. அவருக்கு ஒரு அக்கா, இலங்கையில் ஹட்டன் பக்கம். இவர்கள் குடும்பமும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். இந்தியாவுக்குப் போங்கள் என்று அரசாங்கம் அனுப்பியபோது இவருக்குச் சின்னவன் வயது. அக்காவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கேயே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. அப்பா, அம்மா, இவர் கப்பல் ஏறினார்கள். அக்கா ஏறவில்லை. அதற்குப் பிறகு நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அக்காவின் மகன் ஸ்மார்ட்போன் வாங்கிய பிறகுதான் வாரா வாரம் பேச்சு. எப்போதும் அந்தப் பையன்தான் கூப்பிடுவானாம்.

"அக்காவுக்கு நெஞ்சுல ஆப்பரேசனுங்க. கண்டியில பெரிய ஆஸ்பத்திரி. திங்கக்கெழம காலையில பண்றாங்களாம். அதுக்கு முன்னால ஒருக்கா பேசோணும்னு சொல்லி அனுப்புச்சு. அந்தச் சேதி வந்த மறுநாளே இங்க சிக்னலு போயிருச்சு."

உடனே அங்கிருந்தே கூப்பிடச் சொன்னேன். முயன்றார். சனிக்கிழமைக் கூட்டம். கோடு முழுதாக இருந்தது, கால் போகவில்லை. மூன்று நான்கு முறை பார்த்துவிட்டு ஷீபா அவர் போனை வாங்கி, எப்போது பேசலாம் என்று இந்த நம்பருக்குச் சொல்லவும் என்று அக்கா மகனுக்கு ஒரு செய்தி தட்டி, என் நம்பரைப் போட்டு அனுப்பினார். படியில் தொற்றிக்கொள்கிற ஆள் அல்லவா, அது போய்விட்டது. லைனுக்குத் திரும்பினால் அவர் போன் செத்துவிடும், அதனால் என் நம்பர். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் கிளம்பிவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் எனக்கு அந்தப் போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு இளைஞன் குரல். "மாமாவ நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு கோல் எடுக்கச் சொல்லுங்க. அம்மா பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஆறு மணிக்கு மேல போன் வெச்சிருக்க விட மாட்டாங்க." சரி என்று நான் சொல்வதற்குள் கட் ஆகிவிட்டது. கோல் என்றால் போன் கால், பின்னேரம் என்றால் சாயந்திரம் என்று நானாகவே புரிந்துகொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஞாயிற்றுக்கிழமைக் காலை சோலூர் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கினேன். பஸ்ஸில் கேரட் மூட்டைகளுக்கு இடையில் எனக்கு ஒரு கால் வைக்க இடம் கிடைத்தது. கேரட் வைத்திருந்த ஆள் படுக மொழியில் ஏதோ சொன்னார். புரியவில்லை. உடைத்து ஒரு கேரட்டைக் கையில் கொடுத்தபோது புரிந்தது.

ராசையா வீட்டில் அவர் சம்சாரம் மல்லிகா அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி. தொட்டுக்கொள்ளக் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல். அந்தச் சம்பலைச் சாப்பிட்டபோது சேவு தின்ற குரங்கின் கஷ்டம் எனக்குத் தெரிந்தது. பிறகு பால் இல்லாத டீ கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் பிளேன்டீ என்கிறார்கள். அதில் சீனி கிடையாது. ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் கொடுத்து, கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னார்கள். கயல், அப்படி ஒருநாள் நம் வீட்டிலும் குடிக்க வேண்டும்.

நான் சேதியைச் சொன்னேன். "அஞ்சு மணிக்கு உங்களுக்குப் போன் வரும். நீங்க எடுக்கணுமாம்."

சொன்ன உடனே ராசையா எழுந்து முகம் மழித்துக்கொள்ளப் போனார். "காலுதான வருது, கல்யாணமா வருது" என்றார் மல்லிகா அக்கா. ஆனால் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்ததும் அவர்தான். வாசலில் நின்று பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால் மேட்டு டவர் ஊசி மாதிரி தெரிந்தது.

சாயந்திரம் அவர்கள் இருவரும் மேட்டுக்கு வந்தார்கள். அதற்குள் ஷீபா ஒரு வழி செய்து வைத்திருந்தார். என் வண்டி டவருக்கு இரண்டு முகம். ஒன்று ஏரிக் கூட்டத்தைப் பார்க்கிறது. இன்னொன்று பின்பக்கம், சர்ச்சுக்கு மேலே போகிற ரோட்டைப் பார்க்கிறது. அந்த ரோட்டில் அந்நேரம் ஆள் நடமாட்டம் குறைவு. சர்ச்சுச் சுவருக்குப் பின்னால் போய் நின்றால் போன் தானாகவே பின்முகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒருத்தருக்கு என்று சீட்டு போட்டு வைக்க முடியாது, ஆனால் காலியான பஸ் எது என்று கைகாட்ட முடியும் என்றார். ராசையாவை அங்கே நிறுத்தி, என் போனிலிருந்து அவருக்கு அடித்துப் பார்த்தேன். கணீரென்று மணி அடித்தது. மல்லிகா அக்கா கையைக் கூப்பிக்கொண்டார்.

ஐந்து மணி ஆனது. போன் வரவில்லை.

சர்ச்சில் ஏதோ பாட்டு ஒத்திகை நடந்தது. மணி ஐந்தேகால் ஆனது. ராசையா போனைச் சட்டைப்பையில் வைப்பார், எடுப்பார், துடைப்பார். ஷீபா என்னிடம் லேப்டாப்பைக் காட்டினார். பின்முகத்தில் பாதிக்கு மேல் இடம் காலி. "இங்க தடை ஒண்ணும் இல்ல சேட்டா" என்றார்.

நாமே கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். மல்லிகா அக்கா தடுத்துவிட்டார். அங்கிருந்து போடுகிற நேரம் பார்த்து இங்கிருந்தும் போட்டால் இரண்டு பேருக்கும் எங்கேஜ் அடிக்கும், வருகிற காலையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அதுவும் நியாயம்தான்.

ஐந்தரை தாண்டியது. ராசையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வெள்ளைச் சட்டையில் பாசி ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை.

"முன்னாடியே உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குங்க" என்றார். "இல்லாட்டி எங்கக்கா சொன்ன சொல்லு மாறாது."

ஷீபா என் பக்கம் திரும்பினார். "அந்தப் பையன் என்ன சொன்னானோ அதை அப்படியே சொல்லுங்க சேட்டா. நீங்க ஒண்ணும் மாத்த வேண்டா."

நான் அந்தக் குரலிலேயே சொன்னேன். "மாமாவ நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு கோல் எடுக்கச் சொல்லுங்க."

ராசையா தலையை நிமிர்த்தினார். மல்லிகா அக்காவைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார்.

"கோல் எடுக்கச் சொன்னானுங்களா?"

"ஆமா, எடுக்கச் சொன்னாரு."

"அடக் கடவுளே. அங்க கோல் எடுக்கறதுன்னா கூப்படறதுங்க! நாம போடறோம்னு சொல்றத அவிங்க எடுக்கறோம்பாங்க. எங்கக்கா இந்நேரம் வரைக்கும் போனக் கையில வெச்சுக்கிட்டு, தம்பி எடுக்கலியே, தம்பி எடுக்கலியேன்னு உக்காந்திருப்பா."

பின்னேரம் என்ற புது வார்த்தையைச் சரியாகத் தாண்டிவிட்டு, எடுப்பது என்ற பழகிய வார்த்தையில் விழுந்திருக்கிறேன், பிள்ளைகளா. காற்றில் இடம் தேடி, காலியான பஸ்ஸையும் கண்டுபிடித்து, இரண்டு முனையிலும் இரண்டு பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நீ கூப்பிடு நீ கூப்பிடு என்று உட்கார்ந்திருக்கிறார்கள். நம் வீட்டில் போன் அடித்தால் 'எடு எடு' என்று எத்தனை முறை கத்துகிறோம். அந்த எடுவுக்கு இப்படி இன்னொரு பக்கம் இருக்கும் என்று யார் கண்டது?

ராசையா போனை நீட்டினார். மல்லிகா அக்காதான் அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடித்ததாகவே தெரியவில்லை, அதற்குள் குரல் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"ஏன்டா தம்பி, என்னோட கோவமா?"

"இல்லக்கா. நீ எடுப்பேன்னு நான் இருந்துட்டேன்."

"நான் எப்பிடி எடுக்கிறது? நீதானே எடுக்கணும்."

"அதத்தான் இப்ப எடுத்துட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஆப்பரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நட்ட கொய்யா காய்த்ததா என்று அக்கா கேட்டார். காய்த்தது, கரடி வந்து தின்றுவிட்டது என்றார் இவர். நாளைக்குச் சிக்னல் இருக்காதே, முகத்தை ஒருமுறை காட்டுடா என்று அக்கா கேட்டார். மல்லிகா அக்கா வீடியோவை அழுத்தினார். ராசையா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நேராக நின்றார். நானும் ஷீபாவும் நாகரிகமாகத் தள்ளி வந்தோம்.

இனி உங்களுக்கு நல்ல சேதி. திங்கட்கிழமை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: அம்மா கண் முழித்துவிட்டார், பிளேன்டீ கேட்கிறார், டாக்டர் தரமாட்டேன் என்கிறார். நான் பஸ் பிடித்துப் போய் லைனில் சொல்லிவிட்டு வந்தேன். இந்த முறை ஒரு வார்த்தையும் மாற்றாமல் படித்தே காட்டினேன். மல்லிகா அக்கா எனக்கு அந்தச் சம்பலை ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். சமையல்கட்டு மேல்தட்டில் இருப்பது அதுதான், சின்னவன் தொட வேண்டாம்.

கூட்டம் வடிந்ததும் என் டவரை மடக்கினோம். மேட்டு டவரை நிமிர்த்தியாச்சு என்றார் ஷீபா. வழக்கம்போல மேலே ஒன்றும் அசையவில்லை. ஆனால் எதிர் மலையிலிருந்து ராசையா என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்குத்தான் முதல் கோல் எடுக்கறேனுங்க" என்றார். அடுத்த சீசனுக்கு அந்தப் பக்கம் பார்க்கிற முகத்தை மட்டும் குனிய வைக்காமல் விட முடியுமா என்று எழுதிக் கேட்டிருப்பதாக ஷீபா சொன்னார். விடுவார்களா என்று அவருக்கும் தெரியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்கு வருகிறேன். அந்தப் பகுதியை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன்.

ராசையா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது மணி ஆறை நெருங்கியது. கண்காட்சி முடிகிற நேரம். ஜனம் மொத்தமும் ஏரிப் பக்கம் நெருக்கியடித்து நகர முடியாமல், சர்ச்சுக்கு மேலே போகிற ரோட்டில் ஏற ஆரம்பித்தது. எல்லார் கையிலும் போன். பிடித்த பூவையெல்லாம் நடந்துகொண்டே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். லேப்டாப்பில் பின்முகத்துக்கான கோடு மளமளவென்று மேலே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் ராசையா குரல் கேட்டது: "அக்கா, உம் மூஞ்சி அப்படியே நிக்குது. அசையவே மாட்டேங்குது. தெரியுதா, நான் தெரியறனா?"

பாத்திரத்தை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார் கண்டக்டர்.

என் போன் ஒன்றை அணைத்தால் உதவுமா என்று ஷீபாவிடம் கேட்டேன். "ஒரு போன்ல என்ன ஆகும் சேட்டா? அது கடல்ல ஒரு கைத் தண்ணி" என்று சொல்லிவிட்டு ஏரி முகத்தைப் பார்க்கக் கீழே ஓடினார்.

நான் தனியாக லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வண்டி நின்ற இடமும் அந்தப் பின்முகத்தின் பார்வையில்தான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே பூ வைத்த தொப்பி போட்டுக்கொண்டு ஜனம் போய்க்கொண்டே இருந்தது. அப்போது என் போன் மடியில் அதிர்ந்தது. திரையில் கயல் படம். வீடியோ கால். பின்னால் சின்னவன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

நான் எடுக்கவில்லை. எந்த ஊர் அர்த்தத்திலும் எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும் வரை உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்து, போனை அணைத்தேன்.